கிறிஸ்ரினாவின் இரண்டாம் நகர்வு தொடர்பான முறையீடு

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னில் பிழை பிடிக்கக் கூடாது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கொரு சின்னக் கடை இருக்கிறது. மனு எழுதுதல், தட்டச்சு, போட்டோக்கொப்பி. பிறப்புப் பதிவில் பிழை, காணிப் பிணக்கு, மின்சார இணைப்பு, வராத ஓய்வூதியம் என்று எதற்கும் கடிதம் எழுதிக் கொடுப்பேன். இடையிடையே சிறுகதையும் எழுதுவேன். ஒரு தொகுப்புப் போட்டிருக்கிறேன். விற்காத பிரதிகள் போட்டோக்கொப்பி மெசினின் உடைந்த காலுக்கு முண்டு கொடுக்க உதவுகின்றன.

சென்ற திங்கட்கிழமை மார்க்கண்டு அண்ணை கடைக்கு வந்தார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். குருநகர்ப் பக்கத்தில் ஒரு சிறிய சதுரங்கக் கழகத்துக்குத் தலைவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்து, கதவடியில் செருப்பைக் கழற்றினாள். என் கடைக்குள் யாரும் செருப்புக் கழற்றுவதில்லை. இருபத்தெட்டு வயதிருக்கும். அவள்தான் கிறிஸ்ரினா.

"நாகேஸ்வரி, ஒரு முறையீட்டுக் கடிதம் வேணும்," என்றார் அண்ணை. "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முதல் குடுக்கவேணும். ஒரு பக்கம் காணும்."

ஒரு பக்கமாம்! நான்கு நாளாகிறது. கிழித்த தாள்களைக் கூட்டிப் போட்டால் ஒரு நாவல் வரும்.

2

என் முதல் வரைவு இது:

'கனம் ஐயா, கடந்த ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற மாகாணச் சதுரங்கச் சுற்றுப்போட்டியின் பெண்கள் பிரிவு இறுதிச் சுற்றிலே, இரண்டாம் நகர்வின்போது எனது கை தற்செயலாக ராசாவின் மீது பட்டமையால்—'

இவ்வளவும் எழுதி வாசித்துக் காட்டியபோது கிறிஸ்ரினா இடைமறித்தாள்.

"அக்கா, 'தற்செயலாக' வேண்டாம்."

"அப்ப 'தவறுதலாக' எண்டு போடட்டோ?"

"அதும் வேண்டாம். நான் வேணுமெண்டுதான் தொட்டனான்."

மார்க்கண்டு அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் தொப்பென்று இருந்தார். "பாத்தியோ? ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து உதுதான். கல்லிலை நார் உரிக்கலாம், உவளோடை கதைக்கேலாது!"

நான் பேனையை மூடி வைத்தேன். முப்பது வருடமாக மனு எழுதுகிறேன். மனுவில் என்ன போட வேண்டும் என்று வந்தவர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். தங்களுக்கு நன்மை தரும் சொல்லை வேண்டாம் என்று சண்டை பிடித்த முதல் ஆள் இவள்தான்.

3

சதுரங்கம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். (எனக்கும் தெரியாது. திங்கள் முதல் வியாழன் வரை மார்க்கண்டு அண்ணை சொல்லித் தந்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். பிழையிருந்தால் அண்ணையைக் கேளுங்கள்.)

ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளைத் திறப்பு என்பார்களாம். ஒவ்வொரு திறப்புக்கும் பெயர் உண்டு, புத்தகம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் உள்ள முதலாவது புத்திமதி, ராசாவை ஒரு மூலையில் பாதுகாப்பாக ஒளித்து வை என்பதுதான். இரண்டாவது நகர்விலேயே ராசாவை முன்னுக்கு நடக்கவிடுவது, கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடம் வாசலில் நின்று செருப்புப் பார்த்துக்கொள் என்பது மாதிரி. இணையத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பகிடி பண்ணுவதற்கு மட்டும் அப்படி விளையாடுவார்களாம். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறதாம். வாயில் நுழையவில்லை, விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் கிறிஸ்ரினாவுக்கு எதிரே இருந்தவள் ஆரபி. பதினான்கு வயது, யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலைப் பிள்ளை. இருவருக்கும் சம புள்ளி. வெல்பவளுக்குக் கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டியில் இடம். எங்கள் மாகாணத்துப் பெண்களுக்கு உள்ளதே அந்த ஓரிடம்தான். கிறிஸ்ரினா அதற்காக மூன்று முறை முயன்றிருக்கிறாள். முதல் முறை கொரோனா வந்து போட்டியையே நிறுத்திவிட்டது. இரண்டாம் முறை அரைப் புள்ளியால் தவறியது. இது மூன்றாம் முறை.

அப்படிப்பட்ட ஆட்டத்தில் அவள் இரண்டாவது நகர்வில் ராசாவை ஒரு கட்டம் முன்னுக்கு வைத்தாள். பிறகு தோற்றாள்.

மண்டபத்து யன்னலுக்கு வெளியே நின்ற யாரோ ஒரு புண்ணியவான் அந்த நகர்வை மட்டும் போனில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். பதினான்கு செக்கன். மேலே எழுதியிருந்தது: 'சின்னப் பிள்ளையை நக்கலடித்து மூக்குடைபட்ட அக்கா.' திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் கிறிஸ்ரினா நண்டு தெரிந்து தரம் பிரிக்கும் கொம்பனியில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

4

கடிதம் சரிவராது என்று செவ்வாய்க்கிழமை எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சொல்லைக் கூட வைக்க விடாதவளுக்கு என்ன கடிதம் எழுதுவது? சரி, முழுவதையும் கதையாக எழுதிப் பார்ப்போம், எழுதும்போது வழி தெரியும் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டதும் நான்தான், குத்துது குடையுது என்பதும் நான்தான்.

தொடக்கம் ஒன்று:

'அன்று விடிய கடல் கொந்தளித்தது. அண்ணன் வள்ளத்தில் போயிருந்தான். சதுரங்கப் பலகைக்கு முன் இருந்த அவளின் மனம் முழுவதும்—'

வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. பின்னால் நண்டுக் கூடைகளை இழுக்கும் சத்தம்.

"அக்கா, அண்டைக்குக் காத்தே இல்லை. கடல் சும்மா கிடந்தது. கொலின்ஸ் அண்ணை ஞாயிறிலை தொழிலுக்குப் போறேல்லை, பூசைக்குப் போட்டு வந்து படுத்திருந்தவர். அதை வெட்டுங்கோ."

தொடக்கம் இரண்டு:

'செல்லடிக்குள் பதுங்குகுழியில் இருந்து சதுரங்கம் பழகிய ஒரு தலைமுறையின்—'

"அக்கா, நான் போனிலை பாத்துத்தான் பழகினனான். சண்டை முடியேக்கை நான் சின்னப் பிள்ளை. பழகத் தொடங்கினது வேலைக்குப் போனாப் பிறகு. நண்டு லொறி வாறவரைக்கும் சும்மாதானே இருக்கிறம்."

தொடக்கம் மூன்று:

'ஆழ்ந்த இறைபக்தி கொண்ட கிறிஸ்ரினா, நாள் தவறாது கோயிலுக்குச்—'

இதற்குக் குரல் பதிவு வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஏழு வந்தன. பிறகு எழுத்தில்: 'பெருநாளுக்குப் போவன் அக்கா. மற்றபடி கொலின்ஸ் அண்ணைதான்.'

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கடல் இல்லை, சண்டை இல்லை, பக்தி இல்லை. இவளை வைத்து நான் என்ன கதை எழுதுவது? போனை எடுத்து நேரே கேட்டேன்: "அப்ப என்னத்துக்குப் பிள்ளை அந்த ராசாவைத் தொட்டனீர்?"

அவள் சொன்னதை, அதிகம் அலங்காரம் பண்ணாமல் கீழே தருகிறேன்.

5

அண்ணன் கொலின்ஸின் வள்ளம் சின்னது. விடிய ஐந்தரைக்குக் கரையிலிருந்து தள்ளி இறக்க வேண்டும். ஒரு பக்கம் கொலின்ஸ், மறுபக்கம் கிறிஸ்ரினா. வள்ளம் சேற்றை விட்டு மிதந்து, முதல் அலையில் தலையைத் தூக்கும். அந்த நேரம் கரையில் நிற்கப்போகிறவர் அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்மூக்கை, இரண்டு விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம் அது. தரையில் கிடக்கும்போது தொடுவதில்லை. மிதந்த பிறகுதான். பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் தொடுகிறாள்.

சதுரங்கத்துக்கும் அந்தக் கை வந்துவிட்டது. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதல் சிப்பாயைத் தள்ளி, எதிராளியும் தன் சிப்பாயைத் தள்ளி, ஆட்டம் மிதந்ததும், அவளுடைய இரண்டு விரல் ராசாவின் தலையைத் தொடும். பிறகு நெற்றி, நெஞ்சு, தோள்கள். கழகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். இந்தச் சுற்றுப்போட்டியிலும் ஐந்து ஆட்டத்தில் தொட்டிருக்கிறாள். எதிரே இருந்த ஐவரும் தெரிந்தவர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆரபிக்கு இவளைத் தெரியாது. பிள்ளைக்குப் படிப்பித்தது சட்டம். தொட்ட காயை நகர்த்த வேண்டும். தன் முறையில் தொட்டால் விலக்கில்லை.

ஆரபி ஆட்ட மணிக்கூட்டை நிறுத்திக் கையை உயர்த்தினாள். நடுவர் செபநாயகம் வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சட்டப் புத்தகம்.

"என்ன பிள்ளை?"

"சேர், அக்கா ராசாவைத் தொட்டவ. பிறகு சிலுவை போட்டவ."

"தொட்டனீரோ?" என்று கிறிஸ்ரினாவைக் கேட்டார்.

"ஓம் சேர்."

செபநாயகம் சேர் பலகையைப் பார்த்தார். ராசாவுக்கு முன்னால் மட்டும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அது ராசாவுக்கு எவ்வளவு கெட்ட இடம் என்று அவருக்குத் தெரியும். அவர் கிறிஸ்ரினாவின் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"கை தவறிப் பட்டதுதானே, பிள்ளை?"

அது கேள்வியே இல்லை. பதிலைக் கையில் வைத்துத் தந்துவிட்டார். தற்செயலாகப் பட்டது என்று தெளிவாக இருந்தால் நகர்த்தத் தேவையில்லை, சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆரபி கூட அதைத்தான் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது, கையை மறுபடி மணிக்கூட்டுக்கு அருகே கொண்டுபோய்விட்டாள்.

கிறிஸ்ரினாவின் வாயில் ஓம் வந்துவிட்டது. அவளே அப்படித்தான் சொன்னாள்: "நாக்கு நுனியிலை நிண்டது அக்கா." கொம்பனியில் கெஞ்சி மன்றாடிப் பத்து நாள் லீவு எடுத்து வைத்திருந்தாள். கொழும்புக்கென்று சந்தையில் சில்லு வைத்து இழுக்கும் பையும் வாங்கியிருந்தாள். கொழும்பு அவள் பார்த்ததில்லை. இந்த மாகாணத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள், அதை அங்கே போய்ச் சரிபார்க்க வேண்டும் என்ற வெறி. எல்லாம் ஒரு ஓமுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"இல்லை சேர். வேணுமெண்டுதான் தொட்டனான். தொட்டுக் கும்பிட்டனான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

"அப்ப நகர்த்தும்!" என்றார் செபநாயகம் சேர். நல்லது செய்ய வந்தவருக்கு வரும் கோபம் அது. அவள் ராசாவைத் தூக்கி ஒரு கட்டம் முன்னுக்கு வைத்தாள். பதினான்கு செக்கன் படத்தில் இருப்பது இந்தக் கடைசித் துண்டு மட்டும்தான்.

6

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். புதன்கிழமை முழுவதும் ஒரு வரி போகவில்லை.

பிரச்சினை என்னவென்றால், எனக்கு இந்தப் பாத்திரத்தில் நம்பிக்கை வரவில்லை. உங்களுக்கு வருகிறதா? இப்படி ஒருத்தி இருப்பாளா? நான் கற்பனையில் உண்டாக்கியிருந்தால் சஞ்சிகை ஆசிரியர் குழுவே திருப்பி அனுப்பியிருக்கும்: 'பாத்திர வார்ப்பில் செயற்கைத்தன்மை.' அவளோ நாள்தோறும் பின்னேரம் நாலே காலுக்கு நண்டு நாத்தத்தோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் முன்னால் இருக்கிறாள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அவளில் கோபம் வந்தது கதைக்காக மட்டும் இல்லை. என் தொழில் இந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. 'தற்செயலாக', 'வேறு வழியின்றி', 'அறியாமையினால்', 'தவிர்க்க முடியாத காரணத்தால்'. இவற்றை நான் ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிற உத்தியோகத்தருக்கும் தெரியும், ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. அதிகாரியின் கதவைத் தட்டும் முறை அது. அதைப் பொய் என்று சொன்னால் நான் முப்பது வருடமாக என்ன செய்திருக்கிறேன்? இவள் யார் அதைச் சொல்ல?

(அவள் அப்படிச் சொல்லவேயில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. வெட்டலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.)

புதன்கிழமை பின்னேரம் மார்க்கண்டு அண்ணை சுற்றுப்போட்டிக் குழுவில் விசாரித்துக்கொண்டு வந்தார். குழுவில் மூன்று பேர். இரண்டு பேருக்கு இவளில் நல்ல அனுதாபம். படத்தில் வந்த கேலி அவர்களுக்கும் பிடிக்கவில்லை. தற்செயல் என்று அவள் கைப்பட எழுதிக் கொடுத்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் திரும்ப வைக்கத் தயார். நடுவரும் எதிர்க்கமாட்டாராம். காகிதத்தில் காட்ட ஒரு காரணம் மட்டும்தான் வேண்டும்.

"ஒரு சொல்லு!" என்றார் அண்ணை. "ஒரே ஒரு சொல்லு! ஊரே உனக்கு வழி விட்டுக்கொண்டு நிக்குது, நீ ஏன் பிள்ளை வேலியிலை ஏறி நிக்கிறாய்?"

அன்று கொலின்ஸும் வந்திருந்தான். நல்ல மனுசன், அதிகம் கதைக்காதவன். அவனும் வாய் திறந்தான்.

"எழுதிப்போட்டுப் பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லு, விடு. உதென்ன பெரிய பாவமே?"

"பாவத்துக்கு ஆர் பயந்தது?" என்றாள் அவள். முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "நான் பாவத்துக்கோ பயந்தனான்? அண்ணை, நாளைக்கு விடிய உங்கடை வள்ளத்திலை கை வைக்கவேணும். இண்டைக்கு ஒரு காகிதத்திலை, அந்தக் கை தவறிப் பட்டது, அதிலை ஒண்டுமில்லை எண்டு கையெழுத்து வைச்சுப்போட்டு, நாளைக்கு அதே கையை வைச்சு உங்களை அனுப்பச் சொல்லுறியளோ? நீங்கள் போட்டு வாறவரைக்கும் எனக்கு என்ன நினைப்பு வரும்? அந்த நினைப்போடை நான் எப்பிடி நண்டு தெரியிறது?"

"போறவன் நானெல்லோ? எனக்கே பிரச்சினையில்லை எண்டுறன்."

"நிக்கிறது நானெல்லோ."

கொலின்ஸ் என்னைப் பார்த்தான். நான் மார்க்கண்டு அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என் கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். அதுதான் எனக்கு எரிச்சல். பதில் சொல்ல முடியாத நியாயத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி என் கடையில் குந்தியிருந்தால் நான் எப்படி ஒரு பக்கக் கடிதம் எழுதி முடிப்பது?

7

சரி, அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். வேறு வழியால் போவோம் என்று வியாழக்கிழமை காலை புதிதாகத் தொடங்கினேன்.

'வழக்கத்தினால் நிகழ்ந்த இச்செயலின் விளைவாக, ராசா நடுவில் நின்று ராணியினதும் பிஷப்பினதும் வழியை மறித்தமையால், நான் தோல்வியடைய நேர்ந்தது.'

அழகான வசனம். தற்செயல் இல்லை, பொய் இல்லை. மார்க்கண்டு அண்ணைக்கும் பிடித்திருந்தது. கிறிஸ்ரினா இரண்டு முறை வாசித்தாள். அவள் இரண்டாம் முறை வாசிக்கும்போதே நான் அடுத்த தாளை எடுத்து வைத்தேன்.

"அக்கா, இதும் சரியில்லையே."

"இப்ப என்ன?"

"நான் அதாலை தோக்கேல்லை. இருபத்தாறாவது நகர்விலை அந்தப் பிள்ளை ஒரு பிஷப்பை விட்டிட்டா. நான் வெண்டுகொண்டு இருந்தனான். ராசா அதுக்குள்ளை நல்ல இடத்துக்குப் போட்டுது. பிறகு முப்பத்தோராவதிலை நான் கண் தெரியாமல் கோட்டைக் காயைச் சும்மா குடுத்திட்டன். முப்பத்தெட்டிலை தோல்வியை ஒத்துக்கொண்டு கை குடுத்தனான். அது என்ரை பிழை. இரண்டாவது நகர்வுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

மார்க்கண்டு அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார். தெருவில் நின்று, யாரோ கேட்பதுபோல, "விசர்! விசர்! முழுப் பைத்தியம்!" என்று சொன்னது கேட்டது.

"இதையும் எழுதுங்கோ அக்கா," என்றாள் அவள்.

"பிள்ளை, இது முறையீடு. நடந்தது எனக்கு அநியாயம் எண்டு சொல்லுறதுக்குப் பேர்தான் முறையீடு. தொட்டது வேணுமெண்டு, தீர்ப்புச் சரி, தோத்தது என்ரை பிழை எண்டு எழுதினால் அதுக்குப் பேர் என்ன தெரியுமோ? நன்றிக் கடிதம்!"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் பகிடி வரவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

8

முடிவுகள். எழுத்தாளருக்கென்று ஒரு உரிமை இருக்கிறதல்லவா? வாழ்க்கையில் முடியாததைத் தாளில் முடிக்கலாம். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதலாவது முடிவில் கிறிஸ்ரினா மனம் மாறிக் கையெழுத்து வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திரும்ப நடக்கிறது. வெல்கிறாள். கொழும்பு ரயிலில் சில்லுப் பையோடு ஏறுகிறாள். இதை அவளுக்குக் காட்டவேயில்லை. நான்கு நாள் பழக்கத்தில் எனக்கே தெரியும்.

இரண்டாவது முடிவில் ஆரபி வருகிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் சைக்கிளில் என் கடைக்கு வந்து, 'அக்கா, என்னை மன்னியுங்கோ, எனக்கு அந்த இடம் வேண்டாம்' என்று விம்முகிறாள். கிறிஸ்ரினா அவளைக் கட்டிப்பிடிக்கிறாள். மூன்று பக்கம். எழுதும்போது நானும் அழுதேன். வாசித்துவிட்டுக் கிறிஸ்ரினா தாளைத் திருப்பித் தந்தாள்.

"அந்தப் பிள்ளை ஏன் அழவேணும்? அவ சரியாத்தானே சொன்னவ. அவவுக்கும் கொழும்புக்குப் போக ஆசை இராதோ?"

கிழித்தேன். (ஆரபி என் கடைக்கு வந்ததே இல்லை. இந்த நான்கு நாளும் அவள் எங்கோ இருந்து கொழும்புக்காகப் படித்துக்கொண்டிருப்பாள். படிக்கத்தான் வேண்டும்.)

மூன்றாவது முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் கிறிஸ்ரினா முறையீடே செய்வதில்லை. என் கடை வாசலில் நின்று, 'வேண்டாம் அக்கா, உண்மை சொன்னது எனக்குக் காணும், மற்றது தேவையில்லை' என்று சொல்லிவிட்டு, வெயிலுக்குள் நடந்து போகிறாள். கொடியில் காயும் வலைகள். ஒரு கடற்காகம். கதை நிமிர்ந்து நிற்கும். பரிசுக்குக் கூட அனுப்பலாம்.

அதை வாசித்துவிட்டுத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. நான்கு நாளில் இல்லாத கோபம். தாளை மேசையில் அடித்து வைத்தாள்.

"ஆர் சொன்னது எனக்குக் காணுமெண்டு? அக்கா, உங்களுக்கு நான் என்ன மாதாவோ? எனக்கு அந்த இடம் வேணும். எனக்குத் திரும்ப விளையாட வேணும். ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்தக் கோட்டையை விட்டது கண்ணுக்குள்ளையே நிக்குது. பையைக் கட்டிலுக்குக் கீழை தள்ளி வைச்சிருக்கிறன், பாக்கேலாமல். பொய் சொல்லமாட்டன் எண்டு சொன்னால், ஆசை இல்லை எண்டோ அர்த்தம்?"

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் அழுதாள். அழகாக அழவில்லை. மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது, என் போட்டோக்கொப்பித் தாளில் ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்தாள். தாள் கசங்கிப் போனது. நான் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தேன்.

நான் வெட்கப்பட்டேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவளைப் பொய் சொல்ல வைக்க ஊரே நின்றது என்று இவ்வளவு நேரமும் எழுதினேன். அவளை ஆசையில்லாதவளாக ஆக்கப் பார்த்தது நான் ஒருத்திதான்.

9

வெள்ளிக்கிழமை, பத்து மணி இருபது.

கிறிஸ்ரினா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இனிக் கொழும்புக்கு ஒரு அரை நாள் குறைவு என்று அவளே சொன்னாள். போகிறது என்று ஆனால்தானே அந்தக் கணக்கு என்று நான் சொல்லவில்லை.

மார்க்கண்டு அண்ணை சுற்றுப்போட்டிக் குழுவின் முறையீட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். கடிதம் மட்டும் போதாது, படிவமும் நிரப்ப வேண்டுமாம். இதை அவர் நான்கு நாளாகச் சொல்லவில்லை. தபாலதிபராக இருந்த மனுசன்! கேட்டால், "நீ கடிதத்தை முடிச்சால்தானே படிவம்," என்கிறார்.

படிவத்தை நான் தொடவில்லை. பேனையைக் கிறிஸ்ரினாவிடம் கொடுத்தேன். அவள் பெரிய, வட்டமான எழுத்தில் நிரப்பினாள்.

பெயர்: அ. கிறிஸ்ரினா.

ஆட்டம்: பெண்கள் பிரிவு, ஆறாம் சுற்று, முதலாம் பலகை.

முறையீட்டுக்கான காரணம்: 'இரண்டாம் நகர்வில் ராசாவை வேண்டுமென்று தொட்டேன், நகர்த்துவதற்கு அல்ல. நடுவர் கேட்டபோது உண்மை சொன்னேன். தீர்ப்புப் பிழை என்று சொல்லவில்லை. இரண்டாம் நகர்வால் தோற்றேன் என்றும் சொல்லவில்லை. எனக்குத் திரும்ப விளையாட வேண்டும்.'

"சட்டத்திலை இதுக்கு இடமில்லைப் பிள்ளை," என்றார் அண்ணை. கோபம் எல்லாம் தீர்ந்துபோய், களைத்த குரலில் சொன்னார். "நகர்த்த நினைச்சோ நினைக்காமலோ, தெரிஞ்சு தொட்டால் தொட்டதுதான். அந்த ரண்டு பேருக்கும் உன்னிலை எவ்வளவு இரக்கம் இருந்தாலும், இதை வைச்சு அவை என்ன செய்யிறது?"

"இடமில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லட்டும் அண்ணை. அது அவையின்ரை வேலை. கேக்கிறது என்ரை வேலை. நான் கேக்காமல் விடமாட்டன்."

கையெழுத்து வைத்தாள். காரணத்துக்கான பெட்டியின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: 'இடம் போதாவிடின் வேறு தாள் இணைக்கவும்.' அவள் என்னைப் பார்த்தாள். என் மேசையில் கிடந்த, வெட்டும் கொத்துமாக இருந்த இந்தத் தாள்களைப் பார்த்தாள்.

"உதை இணைப்பமே அக்கா?"

"விசரே? இது கதை. இதுக்குள்ளை அண்ணையைப் பற்றி இருக்கு, நீர் அழுதது இருக்கு, என்ரை வண்டவாளமெல்லாம் இருக்கு. பாதி வசனம் முடியவுமில்லை."

"பொய் இருக்கோ?"

நான் முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். கடல் கொந்தளிப்பு வெட்டியிருந்தது. ஆரபியின் கண்ணீர் வெட்டியிருந்தது. மார்க்கண்டு அண்ணை, தெருவில் தான் இரண்டு முறை அல்ல, ஒரு முறைதான் விசர் என்று சொன்னதாகச் சொல்கிறார். இரண்டு முறை சொன்னார், எனக்குக் கேட்டது.

ஆகவே கனம் குழுவினரே, இதுதான் இணைப்பு. குழுவைச் சேராத யாரின் கையிலாவது இது வந்திருந்தால், அதுவும் பரவாயில்லை, நீங்களும் இருந்து வாசித்திருக்கிறீர்கள். குழுவினரே, ஒரு சொல் எழுதியிருந்தால் ஆட்டத்தைத் திரும்ப வைத்திருப்போம் என்றீர்கள். எழுதவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்டு நிற்பவளுக்கும் தெரியும். அவள் வெளியே மார்க்கண்டு அண்ணையின் மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கிறாள், பன்னிரண்டுக்கு முதல் கொண்டுவந்து தர. முடிவு எழுத எனக்கு இனி ஒரு பெட்டியும் மிச்சமில்லை. படிவத்தில் கடைசியாக உள்ளது உங்களுடையது.

குழுவின் முடிவு: ஏற்கப்பட்டது / நிராகரிக்கப்பட்டது

(பொருந்தாததை வெட்டிவிடவும்.)